ஆறாவது பாட்டில்

கல்லூரியிலிருந்து போன வாரம் போன் வந்தது. வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர் பேசினார். பி.எஸ்ஸி. படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இனிமேல் ஆராய்ச்சி ப்ராஜெக்ட் கட்டாயமாம். "லேப்ல பாட்டில் எப்படிக் கழுவணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க பாய். சுவத்துல ஒட்டிடறேன்" என்றார்.

ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். முதல் வரி சுலபமாக வந்தது: சிவப்பு மூடி பாட்டிலுக்கு வெள்ளை மூடி போடக் கூடாது. ஏன் என்று இரண்டாவது வரி எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. அந்த ஏனைச் சொல்ல வேண்டுமானால் தமயந்தி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுகன்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டுகிற அளவில் அது அடங்காது. அதனால் சுவருக்கு அந்த ஒரு வரியை அனுப்பிவிட்டு மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் பார்த்துத் திருத்தியிருக்கிறாள்.

என் பெயர் தாவூத். ஊர் செஞ்சி. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அடித்தார்கள், வீட்டில் சாப்பாடு இல்லை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் நான் போனது அதற்காக இல்லை. திண்டிவனம் ரோட்டில் ஒரு லாரி நின்றது, ஏறிக்கொண்டேன். நாலு வருஷம் கிளீனர். அப்புறம் ஆம்பூரில் தோல் ஷெட்டு, சூரத்தில் சாயப்பட்டறை, பம்பாயில் ஒரு பேக்கரி, மறுபடியும் சூரத். என் இடது முன்னங்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வேறு நிறமாக இருக்கும். பட்டறையில் ஆசிட் கேன் கவிழ்ந்தது. ஆறு வாரம் படுத்தேன், ஏழாவது வாரம் பக்கத்துப் பட்டறையில் வேலைக்குப் போனேன். அத்தா இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஊர் திரும்பும்போது வயது முப்பத்தெட்டு. கற்றுக்கொண்டு வந்தது ஒன்றுதான், ஆசிட்டைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. அந்த ஒரு தகுதிக்காகவே கல்லூரியில் லேப் உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். தற்காலிக வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது ஆர்டர் வரும், வராமலும் போகலாம்.

நான் சேர்ந்தபோது இருந்த துறைத் தலைவர் தண்ணீரில் ஈயம், இரும்பு என்று உலோகங்களைப் பார்க்கிறவர். பாட்டில் கழுவ எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். நைட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஒரு டப்பில் ஊற்றி, ராத்திரி முழுக்க பாட்டில்களை மூழ்க வைக்க வேண்டும். காலையில் எடுத்து ஐந்து தரம் அலச வேண்டும். "பாய் கழுவுன பாட்டில்ல பால் காய்ச்சிக் குடிக்கலாம்" என்பார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வேறு எந்த வேலையிலும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர் தமயந்தி மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். சொந்த ஊர் வல்லம் பக்கம், காலனி. அவருடைய அம்மாவும் நைனாவும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போனவர்கள். இதை அவர் மறைத்ததும் இல்லை, மேடையில் ஏறிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஒரு மாணவன் ஒருநாள், "எங்க வீட்ல யாருக்கும் படிப்பு வராது மேம்" என்றபோது, "எங்க வீட்லயும் மல்லாட்டைதான் வந்துச்சு. உக்காரு" என்றார். அவ்வளவுதான்.

அப்போது ப்ராஜெக்ட் கட்டாயம் இல்லை. ஏற்கெனவே கட்டாயமாக்கிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு விழுப்புரத்தில் ஒரு கடையில் போன வருஷத்து ப்ராஜெக்ட்டையே தலைப்பு மாற்றி பைண்டு போட்டுக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மேடம் வந்த முதல் வருஷமே ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டினார்: சனிக்கிழமை மதியம் ஆராய்ச்சி, விருப்பம் உள்ளவர்கள் வரலாம், மார்க் கிடையாது. மார்க் கிடையாது என்று படித்துவிட்டுப் பாதிப் பேர் போய்விட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள். அந்த மூன்று பேருக்கு அவர் கொடுத்த நேரத்தை வேறு ஆசிரியர்கள் முப்பது பேருக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவருடைய முறை இது. ஒவ்வொருவருக்கும் ஒரு நீள நோட்டு. திறந்தால் இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. ஒன்றை மற்றதன் பக்கத்தில் எழுதக் கூடாது. ஒரு பையன் இடது பக்கத்தில் 'ஏரித் தண்ணீர் அசுத்தமாக இருந்தது' என்று எழுதிக்கொண்டு வந்தான்.

"அசுத்தத்தப் பார்த்தியா?" என்று கேட்டார் மேடம்.

"பார்த்தேன் மேம்."

"இன்னா கலர்?"

"பச்சை மேம். நாலு மாடு குளிப்பாட்டிட்டு இருந்தாங்க."

"பச்சை, நாலு மாடு, இடது பக்கம். அசுத்தம்னு நீ நெனச்ச. அது வலது பக்கம்."

இது வராண்டா வரைக்கும் பரவிவிட்டது. "மச்சான், அந்தப் பொண்ணு என்னப் பார்த்துச் சிரிச்சிச்சிடா" என்று ஒருவன் சொன்னால், "இடது பக்கமா, வலது பக்கமா?" என்று கேட்பார்கள்.

தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஏன் தப்பு என்று எழுத வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். சிவப்புப் பேனாவை அவர் தொட்டதே இல்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற பக்கமே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் நோட்டை அவர்கள் படிக்கிற திசையிலேயே படிப்பார். குறை இருந்தால் விரலை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். திட்டுகிறவரிடம்கூடத் தப்பித்துவிடலாம். அந்த விரலிடம் முடியாது.

இன்னொன்று உண்டு. தண்ணீர் எடுக்க வெளியூர் போகிறவர்கள், எடுக்கப் போகிற பாட்டில்களோடு ஒன்று அதிகமாக எடுத்துப் போக வேண்டும். அதில் இங்கிருந்தே டிஸ்டில்டு வாட்டர் நிரப்பிக்கொள்ள வேண்டும். கிணற்றடியில் அதைத் திறந்து, மூடி, அப்படியே திரும்பக் கொண்டுவந்து மற்ற பாட்டில்களுக்குச் செய்கிற சோதனையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும். நாங்கள் அதை 'சும்மா பாட்டில்' என்போம். தண்ணீர் இருக்கிற இடத்துக்குத் தண்ணீரைச் சுமந்துபோய்த் திரும்பச் சுமந்து வருவதை நான் சூரத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த டிஸ்டில்டு வாட்டரைத் தயார் செய்கிறவன் நான். அது தயாராக, ஆவியைக் குளிர்விக்கக் குழாயில் தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது இப்போது தெரியும்.

சுகன்யா மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், வேகமான பேச்சு. தொண்டூர் போகிற வழியில் ஒரு ஊர். பேரைச் சொல்ல மாட்டேன். தண்ணீர் கெட்டது என்று ஒரு ஊருக்கு ஒருதரம் பேர் வந்துவிட்டால், நல்லது என்று ஆன பிறகும் அந்தப் பேர் போவதில்லை. தன் ஊரில் ஐந்து இடத்துத் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று பார்ப்பது அவளுடைய ப்ராஜெக்ட். உரம் போட்ட நிலத்திலிருந்தும் கழிவிலிருந்தும் அது தண்ணீரில் இறங்கும், அளவு மீறினால் கைக்குழந்தைக்கு ஆகாது. அவள் அக்கா அப்போதுதான் குழந்தை பெற்றுத் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தைக்குப் புட்டிப்பால். அந்தத் தெருவுக்கே ஒரு அடிபம்புதான்.

நல்ல கோடை. கல்லூரி போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம். சுகன்யாவுக்கு ஆறு பாட்டில் வேண்டும். ஐந்து ஊருக்கு, ஒன்று சும்மா பாட்டில். வெள்ளை மூடி பாட்டில்கள்தான் நைட்ரேட்டுக்கு. சிவப்பு மூடி உலோகத்துக்கு. "வெள்ளை மூடிய சோப்புல மட்டும் கழுவுங்க பாய், நைட்ரிக் வேணாம்" என்று மேடம் வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். அன்று வெள்ளை மூடி பாட்டில்கள் எல்லாம் வேறு பிள்ளைகளிடம் இருந்தன. என்னிடம் இருந்தது ஆசிட் டப்பில் ஊறிக்கொண்டிருந்த சிவப்பு மூடிகள். பாட்டில் ஒன்றுதானே, மூடியின் நிறம்தானே வேறு என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், ஆசிட்டில் ஊறியது இன்னும் சுத்தம், அந்தப் பெண்ணுக்கு நல்லதாகவே கொடுக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன். டேங்கர் வரவில்லை. ஐந்து தரம் அலச வேண்டியதை ஒரு தரம் அலசி, வெள்ளை மூடி போட்டு வைத்தேன். குழாய் ஓடாததால் டிஸ்டில்டு வாட்டரும் இல்லை. ஆறாவது பாட்டிலை அலமாரியிலேயே காலியாக வைத்துவிட்டு ஐந்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு சுகன்யாவோடு பஸ் ஏறினேன்.

இரண்டு கிணறு, ஏரி, மேல்நிலைத் தொட்டிக் குழாய் நான்கிலும் முறைப்படி செய்தாள். எடுக்கிற தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று தரம் அலசிக் கீழே கொட்டிவிட்டு, நாலாவது தரம் நிரப்ப வேண்டும். கடைசியாக அவள் தெரு அடிபம்புக்கு வந்தோம். பத்துப் பன்னிரண்டு குடம் வரிசையில் நின்றது. பம்பு மூச்சு வாங்கிக்கொண்டு கொடுத்தது. கன்னியம்மா என்று ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், அடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒரு பாட்டில் புடிச்சிக்கறேன்" என்றாள் சுகன்யா.

"புடி. ஒரு பாட்டில்தானே" என்று குடத்தை நகர்த்தினார் அவர்.

சுகன்யா பாட்டிலை நீட்டினாள், நிரம்பியது, மூடினாள். அலசவில்லை. நான் பார்த்தேன். எனக்குப் புரிந்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது மேடம் பரீட்சைப் பேப்பர் திருத்த இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தார். சுகன்யா தானே சோதனை செய்தாள். தண்ணீரைக் கிண்ணத்தில் வற்றவைத்து மருந்து சேர்த்தால் மஞ்சள் ஏறும். நைட்ரேட் எவ்வளவோ அவ்வளவு மஞ்சள். நாலு கிண்ணம் வெளுப்பாக இருந்தது. ஐந்தாவது, அடிபம்புத் தண்ணீர், சாமந்திப் பூ மாதிரி ஆனது. அவள் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு தரம் செய்தாள், இரண்டு தரமும் அதே மஞ்சள். எப்படி இல்லாமல் போகும், பாட்டில் அதேதானே.

மேடத்துக்காக அவள் காத்திருக்கவில்லை. அக்கா குழந்தையை நினைத்தால் எப்படிக் காத்திருப்பாள்? அன்று சாயங்காலமே நைனாவிடம் சொன்னாள், நைனா பஞ்சாயத்தில் சொன்னார், மறுநாள் பம்பு ஆப்பரேட்டர் வந்து கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கல்லூரியில் பரிசோதித்துச் சொன்னதற்கு அப்புறம் யார் மறுத்துப் பேசுவார்கள்? தெருப் பெண்கள் வயல்வெளியில் ஒருத்தருடைய மோட்டார் கொட்டாய்க்குக் குடத்தோடு நடந்தார்கள். கரண்ட் இருக்கிற நேரத்தில், அவர் மனசு வைத்தால், தண்ணீர்.

மேடம் திரும்பி வந்ததும் சுகன்யா நோட்டை நீட்டினாள். "மேம், என் ப்ராஜெக்ட்டால ஊர்ல நடவடிக்கையே எடுத்துட்டாங்க" என்றாள். பயமும் பெருமையும் சேர்ந்த குரல். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டார், படித்தார், ஐந்து வரி தாண்டி ஆறாவது வரியில் விரலை வைத்தார். அந்த வரி காலியாக இருந்தது.

"சும்மா பாட்டில் எங்க?"

"டிஸ்டில்டு வாட்டர் இல்ல மேம்."

"பாட்டில் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அலமாரியில."

மேடம் எழுந்து ஆறாவது பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திண்டிவனத்தில் தெரிந்த ஒரு கல்லூரியிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவரச் சொல்லி என்னையே அனுப்பினார். நான் வந்ததும் அதை அந்தப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, கிண்ணத்தில் விட்டு, வற்றவைத்து, மருந்து சேர்த்தார். ஒன்றுமே இல்லாத தண்ணீர். பளிங்கு மாதிரி இருக்க வேண்டும்.

சாமந்திப் பூ மஞ்சள்.

"பாய், இந்த பாட்டில் எதுல கழுவினது?"

அந்த வருஷம்தான் என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் பிரின்சிபால் மேசைக்குப் போயிருந்தது. சோப்பில் என்று சொல்லியிருக்கலாம். கழுவும்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் அந்தக் கிண்ணம் எதிரில் இருந்தது.

"நைட்ரிக்ல மேடம். வெள்ளை மூடி பாட்டில் பத்தல. சிவப்பு மூடியக் கழட்டிட்டு வெள்ளை போட்டேன்."

"எத்தன தரம் அலசினீங்க?"

"ஒரு தரம். டேங்கர் வரல."

"நைட்ரிக்லதான் பாய் நைட்ரேட் இருக்குது" என்றார். அதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். சூரத்தையும் சேர்த்தால் இருபது வருஷம் அந்தக் கேனைத் தூக்கியிருக்கிறேன்.

மேடம் சுகன்யா பக்கம் திரும்பினார். "மத்த நாலும் தப்பிச்சிருக்குது. நீ மூணு தரம் அலசினதால. பம்புல எத்தன தரம் அலசின?"

அவள் தலை குனிந்தாள். "அலசல மேம். எல்லாரும் குடத்தோட நின்னாங்க. ஒரு குடம் நெரம்ப நூறு அடி அடிக்கணும். அவங்க எதிர்ல எப்படி மேம் கீழ ஊத்தறது?"

மேடம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் தண்ணிய மிச்சம் புடிச்சிங்க. நான் பேச்ச மிச்சம் புடிச்சேன். பசங்களுக்கு எல்லாத்துக்கும் ஏன்னு சொல்றேன். பாய்கிட்ட வேணாம்னு மட்டும் சொன்னேன். ஏன் வேணாம்னு சொல்லல."

சுகன்யா அழுதுவிட்டாள். "நான் ப்ராஜெக்ட்டையே விட்டுடறேன் மேம். ஊருக்கு மட்டும் என்னக் கூப்டாதீங்க. அங்க நான் எப்படி இருப்பேன்?"

"ப்ராஜெக்ட்ட விட்டுடு. அது உன் இஷ்டம். பம்ப விட முடியாது" என்றார் மேடம். பேனாவை அவளிடம் கொடுத்தார். சுகன்யா அந்த அளவின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: அமிலத்தில் ஊறிய பாட்டில். அலசல் போதாது. சும்மா பாட்டில் எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். என் பேர் இல்லை.

அன்று சாயங்காலம் மேடம் புது பாட்டில்கள் வாங்கி வந்தார். டேங்கருக்குச் சொல்லி ஆள் அனுப்பினார். எனக்குப் பக்கத்தில் நின்று, எந்த ஆசிட்டில் எது இருக்கிறது, எது ஒட்டும், எது போகும், எதற்கு எத்தனை அலசல் என்று அரை மணி நேரம் சொன்னார். பி.எஸ்ஸி. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரியே, ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். கேள்வி கேட்டேன், பதில் சொன்னார். சொல்லி முடித்ததும் கழுவுவதை நின்று பார்ப்பார் என்று நினைத்தேன். "நீங்க பாருங்க பாய்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு பெரிய தப்பு தெரியவந்த அன்றே அப்படி நம்பி விட்டுப்போன மேஸ்திரியை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

மறுநாள் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். ரமலான் மாதம், எனக்கு நோன்பு. வெயில் தலையில் இறங்கியது. பம்படியில் தெருவே கூடிவிட்டது. சுகன்யாவின் நைனா ஓரமாக வேப்பமரத்தடியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகன்யா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மேடம் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன்டி, நீ படிக்கப் போனியா, பைப்பப் புடுங்கப் போனியா? பத்து நாளா அந்த மோட்டார் கொட்டாயில அவன் வாயில பூந்து பூந்து வர்றோம், தெரியுமா?"

"தெரியும் அத்தை."

அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "அம்மா, பாட்டில் கழுவினது நான். தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது" என்றேன்.

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டில் கழுவறதுக்குக்கூடவா காலேஜ்ல சம்பளம் குடுக்கறாங்க?"

"குடுக்கறாங்கம்மா. அதான் இந்த லட்சணம்."

யாரோ சிரித்தார்கள். கூட்டம் கொஞ்சம் இளகியது. மேடம் அப்போது பேசினார். "பொண்ண அனுப்பினது நான். நோட்டப் பார்க்காம ஊருக்குப் போயிட்டதும் நான். இன்னிக்குத் தண்ணி எடுக்கறோம். நல்லதுன்னாலும் வந்து சொல்வோம், கெட்டதுன்னாலும் வந்து சொல்வோம்."

தண்ணீர் எடுப்பதற்காக மட்டும் ஆப்பரேட்டர் கைப்பிடியை மாட்டினார். சுகன்யா பாட்டிலை நீட்டினாள். ஒரு தரம் அலசிக் கொட்டினாள். இரண்டாவது தரம். மூன்றாவது தரம் கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொட்டினாள். பிறகு சும்மா பாட்டிலைத் திறந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மூடினாள்.

"அது இன்னாடி, அங்கேர்ந்து தண்ணியக் கொண்டாந்து தொறந்து மூடிக் கொண்டு போற?" என்றார் கன்னியம்மா.

"நாங்க தப்பு பண்ணியிருந்தா அது காட்டிக் குடுத்துடும் அத்தை."

"அப்ப அத போன தரமே கொண்டாந்திருக்கலாமே."

மேடம் நோட்டை வாங்கி, அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதினார். எந்தப் பக்கம் எழுதினார் என்று பார்த்தேன். இடது பக்கம்.

லேபில் மூன்று பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். ஒருவருடைய அளவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. எது எந்த பாட்டில் என்பதும் தெரியக் கூடாது, எண் மட்டும்தான். சுகன்யா வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். தண்ணீர் உண்மையிலேயே கெட்டதாக இருந்துவிட்டால் அவள் சொன்னது சரியாகிவிடும், அவள் மானம் பிழைக்கும். நல்லதாக இருந்தால் தெருவுக்குத் தண்ணீர் கிடைக்கும். எது வேண்டும் என்று நினைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "நல்ல தண்ணியா இருக்கணும் பாய்."

மேடம் வெளியே வந்து கூப்பிட்டார். சும்மா பாட்டில் பளிங்கு. அடிபம்பு மூன்று கிண்ணத்திலும் ஒரே மாதிரி, மோர் தெளிந்த நிறத்தில் லேசான மஞ்சள். அளவுக்குள்தான்.

மேடம் பிரின்சிபாலுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆபீஸ் கிளார்க் எனக்குப் படித்துச் சொன்னார். உதவியாளருக்குக் காரணம் விளக்கப்படாததும், மாணவியின் குறிப்பேடு உரிய நேரத்தில் பார்க்கப்படாததும் தன் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வருஷம் என் ஃபைல் நகரவில்லை. இதனாலா என்று தெரியாது. மூன்று வருஷம் கழித்து நகர்ந்தது. சுகன்யா ப்ராஜெக்ட்டை விடவில்லை. புதுச்சேரியில் மாணவர்கள் கருத்தரங்கில், கோடு போட்ட அந்தப் பக்கத்தைத்தான் முதல் படமாகக் காட்டினாள். அதெல்லாம் பிறகு. முடிவு தெரிந்த அன்றே மதியம் மறுபடி ஊருக்குப் போனோம்.

ஆப்பரேட்டர் கைப்பிடியை மறுபடி மாட்டி போல்ட்டை முறுக்கினார். யாரும் குடத்தை வைக்கவில்லை. கன்னியம்மா ஒரு சொம்பில் அடித்து சுகன்யாவிடம் நீட்டினார். "நீ குடி மொதல்ல."

குடித்தாள். மேடமும் வாங்கிக் குடித்தார். சுகன்யாவின் நைனா மரத்தடியிலிருந்து வந்து ஒரு வாய் குடித்துவிட்டு மகள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பிறகு கன்னியம்மா என்னிடம் திரும்பினார்.

"பாட்டில் கழுவினவரும் குடிக்கட்டும்."

"நோன்பும்மா" என்றேன்.

"ஆங், நல்ல சாக்கு" என்றது பின்னால் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். பம்பை அடித்து, பாதி நிரப்பிக் குலுக்கிக் கீழே ஊற்றினார். மறுபடி. மறுபடி. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நாலாவது தரம் நிரப்பி மூடி என்னிடம் கொடுத்தார்.

"மூணு தரம் அலசியாச்சு. இதுலயே நோன்பு தொறங்க."

பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ராஜகிரிக் கோட்டை தெரிந்தது. என் போனில் பாங்கு ஒலித்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்துவிட்டு பாட்டிலைத் திறந்தேன். சுகன்யா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மடக்கு குடித்தேன்.

"எப்படி பாய் இருக்குது?" என்று கேட்டார் மேடம்.

"நல்ல தண்ணி மேடம். லேசா உப்பு கரிக்குது."

சுகன்யா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "இத எந்தப் பக்கம் மேம் எழுதறது?"

"உப்பு கரிக்குதுங்கறது இடது பக்கம். நல்ல தண்ணிங்கறது வலது பக்கம்" என்றார் மேடம். பிறகு கொஞ்சம் யோசித்தார். "இரு. பாய் குடிச்சிட்டாரு இல்ல? ரெண்டையும் இடது பக்கமே எழுது. பேர் போட்டு எழுது."

பஸ் வருவதற்குள் எழுதி முடித்தாள்.